வலி காட்டியவர்

என் சித்தி எதையும் கடைசியிலிருந்துதான் படிப்பாள். அச்சகத்தில் அவளுக்குப் புரூஃப் பார்க்கும் வேலை. ஒரு பக்கம் மேசைக்கு வந்ததும், பக்கத்தின் கடைசி வார்த்தையில் பேனா முனையை வைப்பாள். அங்கிருந்து ஒவ்வொரு வார்த்தையாகப் பின்னால் நகர்ந்து தலைப்பில் போய் முடிப்பாள். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். ஏன் என்று கேட்டால், "முன்னாலேருந்து படிச்சா கதை கேட்க ஆரம்பிச்சிடுவேன். கதை கேட்கிற கண்ணுக்குப் பிழை தெரியாது" என்பாள்.

அச்சகத்தில் அவளுக்கு ஒற்று அக்கா என்று பெயர். க், ச், த், ப் எங்கே விட்டுப்போனாலும் அவள் பேனா கொத்திவிடும். "சாம்பார்ல உப்பு இல்லாட்டிகூட அக்கா சாப்பிட்டுடும், வாக்கியத்துல ஒற்று இல்லாட்டி பட்டினி கிடக்கும்" என்பார் மெஷின்காரர். "ஒற்றுன்னா வேவு பார்க்கிறதுன்னும் அர்த்தம் இருக்கு, பார்த்து நடந்துக்குங்க" என்பாள் சித்தி.

அவள் புருஷன், என் சித்தப்பா, தையற்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு மெஷின், ஒரு நீள மேசை, சுவரில் ஆணியடித்துத் தொங்கும் அட்டை வடிவங்கள். அந்த வடிவங்களை வெட்டுவதற்கு அச்சகத்திலிருந்து கழிவுத் தாள்களைச் சித்திதான் கட்டிக்கொண்டு வந்து கொடுப்பாள். தாளை விரித்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, கைக்கும் கழுத்துக்கும் அதில்தான் வெட்டுவார். வெட்டுவதற்கு முன் அதில் அச்சாகியிருப்பதை ஒருதடவை படித்தும் விடுவார். வினை அங்கேதான் தொடங்கியது.

அந்த ஊரில் வெளிச்சம் ஐயா என்று ஒருவர். ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்துப் பிரார்த்தனைக் கூடம் நடத்தினார். வியாதிக்காரர்கள் வருவார்கள், அவர் தலையில் கைவைப்பார், குணமானவர்கள் எழுதிக் கொடுத்த சாட்சிகளை மாதாமாதம் நான்கு பக்க இதழாக அச்சடித்துக் கொடுப்பார். அச்சடித்தது சித்தியின் அச்சகம். புரூஃப் பார்த்தது சித்தி.

சித்தப்பாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. தினமும் காலையில் ஊசி. ஒருநாள் சட்டைக் கழுத்து வெட்டப் போனவர் தாளோடு அடுக்களைக்கு வந்தார்.

"ஏம்மா, இதப் பார்த்தியா? ஒரு லாரி டிரைவர். எனக்கு இருக்கிற அதே சர்க்கரை. ஐயாவைப் பார்த்து ஊசியை விட்டுட்டாராம். இப்ப ஓடுறாராம்."

"லாரியா, அவரா?"

"கிண்டல் பண்ணாத. இது நீ சரிபார்த்ததுதானே?"

"ஆமா."

"பிழை இருந்தா விட்டிருப்பியா?"

"ஒரு எழுத்து விடமாட்டேன்."

"அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்தப் பேச்சைச் சித்தி எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு வார்த்தைகூட மாறாது. "சரிபார்த்தது"க்கு அவர் எடுத்துக்கொண்ட அர்த்தம் வேறு என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. சித்தப்பா அவளுக்குத் தெரியாமல் ஐயாவின் கூடத்துக்குப் போய், தொழில், வியாதி, விலாசம் எல்லாம் பதிவேட்டில் பதிந்துவிட்டு வந்திருக்கிறார். அதன்பிறகு தினமும் காலையில் ஊசியோடு குளியலறைக்குப் போய், மருந்தைத் தொட்டிக் குழாயில் பீய்ச்சிவிட்டு, காலி ஊசியை அவள் கண்ணில் படும்படி வைத்திருக்கிறார். ஊரார் பிழையெல்லாம் பிடித்தவளை வீட்டுக்குள் இருந்தவர் ஏழு வாரம் ஏமாற்றினார். எட்டாவது வாரம் கால் விரலில் புண். பிறகு பாதம் கறுத்தது. மூன்றாவது ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்தது. குழாயில் ஊற்றியதைக் கடைசி நாளன்றுதான் சொன்னாராம், பள்ளிக்கூடத்துப் பையன் திட்டு வாங்கப்போகும் முகத்தோடு.

நான் அப்போது மூன்றாவது நாட்டில் நான்காவது வேலையில் இருந்தேன். போனில்தான் கேட்டேன். திரும்பி வந்தபோது ஒன்பது மாதம் ஆகியிருந்தது. "ஊர் சுத்தினது போதும், சித்தி தனியா கிடக்கா, அங்க போய் இரு" என்றாள் அம்மா. போனேன். அச்சகத்தில் மூலப்படியை வாய்விட்டுப் படிக்கும் பெண் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அந்த நாற்காலியில் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள் சித்தி. நான் கையெழுத்துத் தாளைப் பார்த்துப் படிக்க வேண்டும். அவள் அச்சுத் தாளைப் பார்த்துக்கொண்டே வருவாள். அதற்குப் பிறகு தனியாக, அவள் பாணியில், கடைசியிலிருந்து ஒருமுறை.

அந்த மாதம் வெளிச்சம் ஐயா பெரிய வேலை ஒன்று அனுப்பியிருந்தார். நூற்று மூன்று சாட்சிகள் அடங்கிய புத்தகம். நூற்று மூன்று கையெழுத்துத் தாள்கள். யாருக்கும் பெயர் கிடையாது. கடவுள் முன்னால் பெயர் எதற்கு, தொழில் போதும் என்பது ஐயாவின் கொள்கை. ஆனால் ஒவ்வொரு தாளின் அடியிலும் முழு விலாசம் இருந்தது. சந்தேகப்படுபவன் போய்க் கேட்டுக்கொள்ளட்டும் என்று. யாரும் போய்க் கேட்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

நான் படிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது தாளிலேயே சித்தி மேசையைத் தட்டினாள்.

"வழி. நாக்கை மடிச்சுச் சொல்லுடி. ஊர் ஊரா தண்ணி குடிச்சு நாக்கு தடிச்சுப்போச்சு உனக்கு."

"இல்ல சித்தி, இங்க லி தான் போட்டிருக்கு. 'ஐயா எனக்கு வலி காட்டினார்.'"

"சரி, மேல படி."

அடுத்த தாளில் ஒரு ரொட்டிக்கடைக்காரம்மா. 'முதுகு வழி தாங்க முடியவில்லை. ஐயா வலி காட்டினார்.' அடுத்து ஒரு காவலாளி. 'நெஞ்சு வழி. ஐயா வலி காட்டினார்.' எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன சித்தி, அத்தனை பேரும் ஒரே வாத்தியார்கிட்ட படிச்சவங்களா?"

சித்தி சிரிக்கவில்லை. பேனாவை மூடினாள். என் கையிலிருந்த கட்டை வாங்கினாள். பச்சை மை, நீல மை, பென்சில். இடது பக்கம் சாய்ந்த எழுத்து, வலது பக்கம் சாய்ந்த எழுத்து, கிறுக்கல், முத்து முத்தான எழுத்து. வேறு எந்தச் சொல்லிலும் பிழையில்லை. இந்த இரண்டு சொற்கள் மட்டும் எல்லாத் தாள்களிலும் இடம் மாறி நின்றன.

"மாசம் நாலு சாட்சிதான் வரும்" என்றாள் மெதுவாக. "வலியை வழியா மாத்திட்டுப் போய்க்கிட்டே இருப்பேன். கொசு அடிக்கிற மாதிரி. எத்தனை வருஷமா அவன் கையெழுத்தை நான் அழிச்சுக் கொடுத்திருக்கேன் பாரு."

அன்றுதான் சித்தி முதல் தடவையாக ஒரு கட்டை முன்னாலிருந்து படித்தாள். நாற்பத்தொன்றாவது தாளில் நின்றுவிட்டாள். நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

'நான் ஒரு தையற்காரன். பதினைந்து வருடம் ஊசி குத்தி உடம்பெல்லாம் வழி. ஐயா எனக்கு வலி காட்டினார். ஊசியைத் தூக்கி எறிந்தேன். இன்று என் வழி எல்லாம் போய்விட்டது. என் மனைவியும் மகிழ்ச்சியாக இருக்கிறாள்.'

அடியில் எங்கள் வீட்டு விலாசம்.

"வாய்விட்டுப் படி" என்றாள். படித்தேன். "இன்னொரு தடவை." படித்தேன். மூன்றாவது தடவை படித்து முடித்ததும் எழுந்துபோய் இரண்டு டீ சொல்லிவிட்டு வந்தாள். அழவில்லை.

"கேஸ் போடலாம் சித்தி."

"போட்டா, ஊசியை விடுன்னு நான் எங்க சொன்னேன்பான். எங்கயும் சொல்லியிருக்கமாட்டான். எல்லாம் இவங்க சொன்னதா எழுதி வெச்சிருக்கான்ல?"

"பின்ன என்னதான் வேணும் உங்களுக்கு?"

"அவன் வாயால வரணும்டி. 'நான்தான் எழுதினேன்'னு. அவனை நம்பி உட்கார்ந்திருக்கிறவங்க முன்னாடி வரணும்."

அவள் தினமும் முதல் பக்கத்தைத் தொடுவதற்கு முன் இரண்டு நிமிஷம் கண்ணை மூடிக் கும்பிடுவாள். மறுநாளும் கும்பிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னுமா சித்தி?" என்றேன். ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "எவனோ கள்ள நோட்டு அடிக்கிறான்னு நல்ல நோட்டைக் கிழிச்சுப் போடுவியா? சும்மா இரு."

அதே வாரம் ஐயா அச்சகத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுவது போன்ற குரல். முதலாளி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சித்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"ஐயா, நூத்தி மூணு பேர் எழுதியிருக்காங்க. அங்கங்க எழுத்து முன்னப்பின்ன இருக்கு. நான் கை வைக்கலாமா?"

"அது அவங்க வேலைதானுங்க" என்றார் முதலாளி.

ஐயா கையை உயர்த்தினார். "வேண்டாம்மா. சாட்சியில ஒரு புள்ளிகூட மாறக்கூடாது. எளிய மக்களோட வார்த்தை. கடவுள் காதுல எப்படி விழுந்துச்சோ, உலகத்துக் காதுலயும் அப்படியே விழட்டும்."

"எவ்வளவு பெரிய மனசு" என்றாள் சித்தி. "இதை எழுத்துல கொடுத்திடுங்க, ஐயா. நாளைக்கு யாரும் எங்களைக் குத்தம் சொல்லக்கூடாதில்ல?"

'எழுதியபடியே அச்சிடவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். புரூஃப் கட்டை எடுத்துக்கொண்டு போய் நான்கு நாளில் திருப்பி அனுப்பினார். எல்லாப் பக்கத்திலும் 'சரி'. நாற்பத்தொன்றாவது சாட்சிக்குப் பக்கத்தில் இரண்டு 'சரி'. அது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது போல.

புத்தகம் அச்சாகிக் கட்டுக் கட்டாகப் போனது. மூலப்படிகள் எங்களிடம் இருந்தன. அச்சகத்தின் ஆர்டர் தாளில், பின்பக்கம், பொடி எழுத்தில் ஒரு விதி உண்டு. அச்சு முடிந்ததும் மூலப்படி எழுதியவருக்கே திருப்பி அனுப்பப்படும். அதன் கீழேயும் ஐயா கையெழுத்துப் போட்டிருந்தார்.

"எழுதினது யாரு?" என்று கேட்டாள் சித்தி.

"அவன்தான்."

"தாள்ல என்ன போட்டிருக்கு?"

"நூத்தி மூணு விலாசம்."

"அச்சகத்துக்கு வேற என்னடி தெரியும்?"

ஒரு நாள் முழுக்க உறை ஒட்டினோம். 'தங்கள் கையெழுத்துப் பிரதி இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது' என்ற அச்சடித்த சீட்டு ஒவ்வொன்றிலும் வைத்தோம். நடந்ததை ஒரு வரியில் எழுதி வைக்கலாம் என்றேன். "வேண்டாம். நான் ஒரு வார்த்தை சேர்த்தா அது என் வேலையாயிடும். இது முழுக்க அவன் வேலையாவே இருக்கட்டும்" என்றாள். நூற்றிரண்டு உறைகள் தபாலில் போயின. நாற்பத்தொன்று அவள் பையில் இருந்தது.

வெளியீடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கூடம் நிறைந்திருந்தது. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் மேடையில் பேசினார். அவருக்கும் அந்தச் சொல் கண்ணில் பட்டுவிட்டது. ஆனால் நம்பிக்கை இருக்கிறதே, அது எந்தப் பள்ளத்தையும் ஒரே தாண்டாகத் தாண்டிவிடும். "ஐயா வலி காட்டினார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எப்பேர்ப்பட்ட ஆழம்! வலியே வழி! வழியே வலி!" என்றார். கூட்டம் கைதட்டியது. ஐயாவுக்கு என்னவென்று புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். சித்தி என் தொடையைக் கிள்ளினாள். நகம் பதிந்தது.

பிறகு ஐயா ஒரு மேசையின் பின்னால் உட்கார்ந்து, புத்தகம் வாங்கியவர்களுக்கு ஆசி எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். வரிசையில் பாதிப்பேர் கையில் எங்கள் உறை இருந்தது.

முதலில் ரொட்டிக்கடைக்காரம்மா. "ஐயா, இது எனக்குத் தபால்ல வந்துச்சு. நான் எழுதினதாம். என் பொண்ணு படிச்சுச் சொன்னா."

"ஆமாம்மா, உங்க சாட்சி."

"எனக்கு எழுதத் தெரியாதே ஐயா."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீங்கள் சொல்லச் சொல்லத் தொண்டர்கள் எழுதியது என்றார் ஐயா. அந்தம்மா நகரவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற தடித்த மனிதர் தாளை நீட்டினார். "நான் லாரி ஓட்டுறவன். ஊசியை விட்டுட்டேன்னு இதுல போட்டிருக்கு. நான் எங்கய்யா விட்டேன்? இன்னைக்குக் காலையில போட்டுட்டுத்தானே வந்தேன்? முன்னாடி மாசப் பத்திரிகையிலயும் இதே மாதிரி போட்டீங்களாமே. என் மச்சான் கேட்டுச் சிரிக்கிறான்."

சித்தி எழுந்தாள். அதுவரை அவளிடம் இருந்தது கோபம். அந்த ஆள் வாயைத் திறந்த பிறகு அவள் முகத்தில் வந்ததற்கு எனக்குப் பெயர் தெரியாது. வரிசையில் நிற்கவில்லை. நேராக மேசைக்குப் போய்த் தன் புத்தகத்தை விரித்து வைத்தாள்.

"ஐயா, நான் அச்சகத்துல வேலை செய்யறவ. எனக்கு ஒரு வரி ஆசி எழுதிக் கொடுங்க. 'வலி போக வழி உண்டு.'" லியும் ழியும் கண்ணாடிச் சில்லுபோல் தனித்தனியாக விழுந்தன.

பேச்சை மாற்றக் கிடைத்த வாய்ப்பு என்று நினைத்தாரோ என்னவோ, உடனே எழுதினார். சித்தி புத்தகத்தை எடுத்து வங்கி அதிகாரியிடம் நீட்டினாள். "கொஞ்சம் சத்தமா படிங்க, சார்."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "வழி போக... வலி உண்டு." நிறுத்தினார். புத்தகத்தைப் புரட்டினார். ரொட்டிக்கடைக்காரம்மாவின் தாளை வாங்கிப் பார்த்தார். மறுபடி ஆசியைப் பார்த்தார். அவர் வாழ்நாள் முழுக்கக் கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்தவர். மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

சித்தி நாற்பத்தொன்றாவது தாளை மேசையில் வைத்தாள். "இந்தத் தையற்காரர் எப்ப எழுதிக் கொடுத்தார்?"

"போன மாசம்... அதுக்கு முந்தின..."

"அவர் செத்துப் பதினோரு மாசம். நான் அவர் பொண்டாட்டி. மகிழ்ச்சியா இருக்கேன்னு எழுதியிருக்கீங்க. வந்து காட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்."

ஐயா தாளை ஓரமாகத் தள்ளினார். "தொண்டர்கள்தான்..." என்று ஆரம்பித்தார்.

"தொண்டரைக் கூப்பிடுங்க. ஒரு பேனா கொடுத்து 'வழி'ன்னு எழுதச் சொல்லலாம்."

ஐயா சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு தொண்டரும் முன்னால் வரவில்லை. அவர் குரலில் இருந்த தாலாட்டு போய்விட்டது. "நான்தான் எழுதினேன்" என்றார். பிறகு அவசரமாக, "என் கைதான் எழுதினது. ஆனா எழுத வெச்சது கடவுள்."

"அவரை இதுல இழுக்காதீங்க" என்றாள் சித்தி. "அவருக்கு ழகரம் தெரியும்."

முதலில் சிரித்தவர் லாரிக்காரர். பிறகு அந்தச் சிரிப்பு வரிசை நெடுகப் பரவியது. எனக்கும் உள்ளுக்குள் சர்க்கரை கரைந்தது போல் இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை. ஒரு மனிதன் சுருங்குவதைப் பார்ப்பது இவ்வளவு இனிக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

சித்திக்கு அது போதவில்லை. தன் சிவப்புப் பேனாவை அவர் முன்னால் உருட்டிவிட்டாள். "அடிங்க. குறுக்கால ஒரு கோடு. கீழ, 'இது நான் எழுதிய பொய்'னு போட்டுக் கையெழுத்து." ஐயா அடித்தார். எழுதினார். சித்தி மை காயும்வரை ஊதி, மடித்துப் பையில் வைத்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து மேசைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "அடுத்தவங்க வாங்க" என்றாள்.

வந்தார்கள். நடுவில் ஒரு வயதான பூக்காரம்மா மட்டும் தாளை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இதை அடிக்க விடமாட்டேன். எனக்கு நெசமாவே மூட்டு தேவலையாச்சு. இங்க வந்து உட்கார்ந்தாலே மனசு லேசாவுது."

நான் சித்தியைப் பார்த்தேன். வெட்டிவிடுவாள் என்று நினைத்தேன். "அப்ப அது உங்களோடது, இவரோடது இல்ல" என்றாள் சித்தி. "வீட்டுல யாரையாவது விட்டு, நீங்க சொல்ற மாதிரியே எழுதி வாங்குங்க. இந்தத் தாள் வேண்டாம். இதுல உங்க மூட்டைப் பத்தி ஒண்ணுமே இல்ல, வேணா படிக்கச் சொல்லிப் பாருங்க." அந்தம்மா யோசித்தாள். தாளை மேசையில் வைத்துவிட்டு, புத்தகத்தையும் அதன்மேல் வைத்துவிட்டு, தன் வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

முப்பது தாள் தாண்டியதும் ஐயா பேனாவைக் கீழே வைத்து விரல்களை உதறினார். "கை வலிக்குதும்மா."

"எந்த லி?" என்றாள் சித்தி. "சொல்லிட்டு மேல அடிங்க."

திங்கட்கிழமை முதலாளி குதித்தார். ஐயா கைப்பட எழுதிக் கொடுத்த உத்தரவைச் சித்தி எடுத்து அவர் மேசையில் வைத்தாள். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். கூடம் மூடப்படவில்லை. கொஞ்சம் பேர் இன்னும் போகிறார்கள். மாத இதழ் நின்றுவிட்டது.

வெளியீட்டு நாளில் அடித்து வாங்கியது ஐம்பத்தெட்டுத் தாள். மீதி நாற்பத்தைந்து பேர் வரவில்லை. உறை கிடைக்காதவர்கள் இருக்கலாம், படித்தும் நம்பாதவர்கள் இருக்கலாம், சித்தப்பாவைப் போல் குழாயில் ஊற்றிக்கொண்டிருப்பவர்களும் இருக்கலாம். அனுப்பும் முன்பே எல்லா விலாசத்தையும் சித்தி ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறோம். கதவைத் தட்டியதும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "மருந்து போட்டுக்கிட்டீங்களா?"

போன வாரம் ஆறு வீடு முடிந்தது.